பொத்தான் வைக்காத கோட்டு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒகாயாமா ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள பேரங்காடியின் மூன்றாம் தளத்தில், உடை மாற்றும் அறையின் திரைக்கு வெளியே, பிறருடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது பிறந்தது. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. சாம்பல் நிறக் காலுறை. கோட்டை அணிந்து பார்க்கும் பெண்ணின் பாதங்கள் சும்மா இரா. பக்கவாட்டில் திரும்பும், பின்னால் நகரும், நுனிக்காலில் எழும். இவை வெகுநேரம் அசையவில்லை. பிறகு உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"இது ஒன்பதாம் நம்பர்தானா? சீட்டு மாறியிருக்கான்னு பாருங்களேன்."

அளவுச் சீட்டு மாறியிருக்கவில்லை. (சீட்டு மாறிய கதை ஒன்று உண்டு. அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரும் வரையில் வாசகர் பொறுத்திருக்க வேண்டும்.)

நடுநிலைப் பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கட்டுரை எழுதக் கற்பித்தவள் நான். தொடக்க வாக்கியத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்து, அவற்றுள் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளை வருத்தியிருக்கிறேன். இப்போது அந்த வருத்தம் எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் தொடக்கம்: "மார்ச்சு மாதத்துச் சனிக்கிழமையொன்றில், பெரிய மார்பகங்களையுடைய ஒரு பெண்மணி—"

நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் கதை முடியும் வரையில் அவள் அதை ஏந்திக்கொண்டே நடக்க நேரும். அவள் அதிலிருந்து கொஞ்ச நேரமாவது விடுபட வேண்டும் என்பதற்காகத்தானே எழுதுகிறேன்.

இரண்டாம் தொடக்கம்: "அலுவலகத்துக்குரிய ஆடையைத் தேர்ந்தெடுக்கும்போது, மார்பு பெரிதாக உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை யாவையெனில்—"

இது பத்திரிகைக் குறிப்பு. இதில் அறிவுரை இருக்கிறது, ஆள் இல்லை.

மூன்றாம் தொடக்கம் இரண்டே சொற்கள். அதை வைத்துக்கொண்டேன்.

2

சீருடை ஒழிக்கப்பட்டது.

எங்கள் நகரத்துக் கூட்டுறவு வங்கியொன்றில் (பெயர் வேண்டா) ஏப்ரல் முதல் நாளிலிருந்து பெண் ஊழியர்களுக்குச் சீருடை இல்லை. ஆண்களுக்கு என்றுமே இருந்ததில்லை. பெண்களுக்கு மட்டும் வெள்ளைச் சட்டை, கழுத்தில் ரிப்பன், கருநீலக் கையில்லாக் கோட்டு, அதே துணியில் பாவாடை. "இனி அவரவர் விருப்பப்படி, தொழிலுக்குத் தக்க உடையில் வரலாம்" என்று சுற்றறிக்கை வந்தது. பெண்கள் மகிழ்வார்கள் என்று தலைமையகம் எதிர்பார்த்தது. பெரும்பாலோர் மகிழவும் செய்தனர்.

சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்றன் கீழே "இவ்வாறு உடுத்துக". மற்றொன்றன் கீழே "இவ்வாறு கூடாது".

அவ்வங்கியில் இருபத்துமூன்று ஆண்டுகளாகப் பணிபுரிபவள் ஒனோகி மசுமி. வயது நாற்பத்தைந்து. (பெயர்களை மாற்றியிருக்கிறேன், தொழில்களை மாற்றவில்லை.) வீட்டுக்கடன் பிரிவில், பின்வரிசை மேசை. முன்பக்கத்தில், தெருவைப் பார்த்த கண்ணாடிச் சுவரையொட்டி, ஆலோசனை மேசை என்று ஒன்று உண்டு. முதன்முதலாக வீடு வாங்க வரும் இளம் தம்பதியர் பயந்துகொண்டே வந்து அமரும் மேசை அது. அதன் மறுபுறம் இன்றுவரை ஒரு பெண் அமர்ந்ததில்லை. அங்கே அமர்ந்திருந்த ஆண்களுக்கு வேண்டிய கணக்குகளையும் பதில்களையும் பதினோராண்டுகளாகப் பின்வரிசையிலிருந்து எழுதிக் கொடுத்துவந்தவள் மசுமி. அந்த மேசையை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பதை அவள் எவரிடமும் சொன்னதில்லை. மாலையில் எல்லாரும் சென்றபின் அதைத் துடைத்துவிட்டுப் போவாள் என்பது மட்டும் தெரியும்.

மார்ச்சு முதல் வாரத்தில் கிளை மேலாளர் அவளை அழைத்தார். ஏப்ரலிலிருந்து அந்த மேசை அவளுக்கு. கோட்டு அணிய வேண்டும். சம்மதத்தை இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் போதும். மறுப்பதாயின் ஆவணக் கிடங்கில் ஓர் இடம் உண்டு.

அன்று மாலையே அவள் தனியாகக் கடைக்குப் போனாள். வங்கிச் சீருடையில் தன் அளவான ஒன்பதாம் எண்ணிலேயே கோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி அணிந்து பார்த்தாள். பொத்தானுக்கும் துளைக்கும் இடையே நான்கு விரற்கடை இருந்தது. கடையை விட்டு வெளியே வந்து, மறுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.*

(* கூர்மையான வாசகர் ஒருவர் இங்கே கையுயர்த்துவார்: இருபத்துமூன்று ஆண்டுகளில் அவள் வேறு உடையே வாங்கவில்லையா? வாங்கினாள். தொளதொளவென்ற பின்னலாடைகள், ஒரே அளவில் எல்லாருக்கும் என்று விற்கப்படுபவை. இழவு வீட்டுக்குத் தாயாருடைய கறுப்பு உடை. வங்கிக்கு வந்ததும் சீருடைக்கு மாறிவிடுவாள். தன் மார்பு பெரிது என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆயினும், வங்கியின் ஒன்பதாம் எண் தன்னை அடக்கிவிடுகிறது என்பதுதான் அவளுடைய ஆறுதல். பெரிதாயினும் ஒன்பதுக்குள். அந்தக் கையில்லாக் கோட்டு அவளுக்கு ஒரு சான்றிதழ் போல இருந்தது.)

3

மறுப்பைப் பண்போடு எழுதுவது எப்படி என்று கேட்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கணவர் குனிதோமி அவ்வங்கியின் பொது நிர்வாகப் பிரிவில் இருந்து மூன்றாண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர். அவளை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. வாசலில் காலணியைக் கழற்ற அவள் குனிந்தபோது முதுகைப் பார்த்தேன். தோளைப் பார்த்தேன். (ஏன் பார்த்தேன் என்பது பிறகு.)

மார்ச்சு மாதத்து சுமோப் போட்டியின் முதல் நாள் அது. கணவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார், அணைக்கவில்லை. ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியை மேசைமேல் வைத்துவிட்டு, மசுமி முழங்காலை மடக்கி நேராக உட்கார்ந்தாள்.

"குனிதோமி-சான், ஒரு மறுப்புக் கடிதம் எழுதணும். நீங்கதான் எழுத்துல கெட்டிக்காரர்னு..."

"எழுத்து எல்லாம் இவ. நான் ரப்பர் ஸ்டாம்ப் குத்தின ஆளு. என்னத்த மறுக்கப்போறீங்க?"

"ஆலோசனை மேசைய."

கணவர் திரையிலிருந்து தலையைத் திருப்பினார். சுமோ நேரத்தில் அவர் அப்படிச் செய்வது அரிது.

"பதினோரு வருஷமா அந்த மேசைக்குப் பதில் எழுதிக் குடுத்தது யாரு? அங்க உக்காந்திருந்த ஹாமானோ உங்க காகிதத்தத்தான் பாத்துப் படிச்சான். வட்டி விகிதம்னா என்னன்னு அவனுக்குத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்."

"அவருக்குக் கோட்டு நல்லா இருந்துச்சு."

"கோட்டா? அவன் கோட்டு தலகாணிக்கு உறை போட்ட மாதிரி இருக்கும்."

"ஆம்பிளைங்களுக்கு அப்படி இருந்தா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க." அவள் தேநீர்க் கிண்ணத்தை ஒருமுறை சுற்றி வைத்தாள். "அந்தச் சுற்றறிக்கைல 'கூடாது'ன்னு ஒரு படம் இருக்கே, பாத்தீங்களா? சட்டைப் பொத்தானுக்கு நடுவுல கண்ணு திறந்த மாதிரி வரைஞ்சிருக்கும். வரைஞ்சவரு என்னை எங்க பாத்தாரோ தெரியல."

சிரிக்கலாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவளே சிரித்தாள், பிறகு நிறுத்தினாள்.

"நான் பெருத்துட்டேன் போல. இருபத்திமூணு வருஷமா ஒன்பதுதான் போடறேன். போன வெள்ளிக்கிழமைகூட வங்கில ஒன்பதுதான் போட்டிருந்தேன், இடிக்கல. கடைல போட்டா பொத்தான் எட்ட மாட்டேங்குது. ஒரு வாரத்துல எப்படி இப்படி ஆச்சுன்னே புரியல."

அப்போது என் கணவர் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினார். திரையில் இரண்டு மல்லர்கள் குனிந்து முட்டிக்கொள்ளத் தயாராக இருந்தனர். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

(மார்பும் வயிறும் திறந்து நிற்கும் அந்த ஆண்களை நாடே கைதட்டிப் பார்க்கிறது. இந்த வாக்கியத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே வைத்துவிட்டேன்.)

நான் அந்த நொடியிலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "கடிதம் அப்புறம் எழுதிக்கலாம். வர்ற சனிக்கிழமை நானும் கூட வரேன், வேற கடைல பாப்போம்" என்றேன்.

4

கடைக் காட்சியை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றில் விற்பனைப் பெண் கொடியவளாக இருந்தாள். கதைக்கு அது வசதி. ஆனால் அவள் அப்படி இல்லை. நிஷிசாகா என்று பெயர்ச்சீட்டு அணிந்திருந்த அந்த இளம்பெண் கழுத்தில் இஞ்சு நாடாவைத் தொங்கவிட்டிருந்தாள். மசுமியின் முகத்தைப் பார்த்ததும் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அளவெடுக்கட்டுமா என்று கடைசிவரையில் கேட்கவில்லை.

மசுமி மறுபடியும் ஒன்பதையே கேட்டாள். கடை மாறினால் ஒன்பதும் மாறும் என்று ஒரு நம்பிக்கை. திரைக்கு உள்ளே போனாள். பாதங்கள் அசையாமலிருந்ததை முன்னரே சொன்னேன்.

"சீட்டு சரியாத்தான் இருக்கு மேடம்," என்றாள் நிஷிசாகா. "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? எனக்கும் இதே தொல்லைதான். கோட்ட நெஞ்சுக்குப் பாத்து எடுக்கணும். தோளும் இடுப்பும் அப்புறம் பிடிச்சுக்கலாம். தோளுக்குப் பாத்து எடுத்தீங்கன்னா நெஞ்சு சண்டை போடும்."

"உள்ள சண்டைதான் நடக்குது," என்றது திரை.

"யாரு ஜெயிக்கறா?"

"பொத்தான் தோத்துருச்சு."

பின்னர் நிஷிசாகா ஓடியோடிக் கொண்டுவந்தாள். கழுத்தில் சுருக்கு வைத்த சட்டையை நானே திருப்பி அனுப்பினேன். சுருக்கு இருக்கும் இடத்தில் இன்னும் ஒரு சுருக்கு எதற்கு? மேல்பைகளும் மூடிகளும் வைத்தது ஒன்று, அதையும். பளபளக்கும் துணி ஒளியை வாங்கி மேட்டில் காட்டும். கழுத்துவரை மூடிய வட்டக் கழுத்து, மறைக்கிறது என்று எண்ணிக்கொண்டு ஒரே பரப்பாக ஆக்கிவிடும். வேண்டியது, வி-கழுத்தாகக் கொஞ்சம் இறங்கி, விறைப்பில்லாமல் வழியும் துணியில் உள்சட்டை. பொத்தான் வரிசையே இல்லாதது, அல்லது இரண்டு பொத்தான்களுக்கு இடையே உள்ளே ஒரு பிரஸ் பட்டன் வைத்துக்கொள்ளக் கூடியது. கோட்டுக்கு ஒரே பொத்தான், மார்புக்குக் கீழே. இடுப்பெலும்பைத் தொடும் நீளம். முன்பக்கத்தில் தோளிலிருந்து இறங்கும் நீளத் தையல், அது மேட்டைச் சுற்றிக்கொண்டு வருமாறு.

(பத்திரிகைகளில் இவற்றையெல்லாம் "மார்பைக் குறைத்துக் காட்டும் உடைகள்" என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு சண்டை உண்டு. ஒரு பெண் வீட்டுக்கடனைப் பற்றிப் பேசும்போது எதிரே இருப்பவர் வீட்டுக்கடனைப் பற்றியே நினைக்க வேண்டும். அதற்குக் குறைக்கவும் வேண்டா, கூட்டவும் வேண்டா. துணி இழுபடாமலிருந்தால் போதும். இழுபடும் துணிதான் கண்ணைக் கூப்பிடுகிறது, உடம்பு கூப்பிடுவதில்லை.)

ஒன்பதுக்கு இரண்டு அளவு மேலே, பதிமூன்றாம் எண், கருநீலம். திரை விலகியது. மார்பில் துணி அமைதியாகக் கிடந்தது. ஆனால் தோள்கள் வெளியே தொங்கின. கைகள் விரல் நுனிவரை வந்தன. அவள் கண்ணாடியைப் பார்த்து, என்னையும் குடும்பப் பெயராலேயே அழைத்து, மெதுவாகச் சொன்னாள்:

"நெஞ்சு என்னுது. தோள் எங்க அண்ணனோடது. எனக்குன்னு ஒரு கோட்டே யாரும் தைக்கல போல. குனிதோமி-சான், நான் ஆவணக் கிடங்குக்கே போயிடறேன். அங்க கார்டிகன் போட்டுக்கலாம்."

"கோட்ட வாங்கி எங்கிட்டக் குடுங்க," என்றேன். "தோள நான் பாத்துக்கறேன்."

"தோள் பிடிக்கறது கஷ்டமாச்சே? கை வச்ச கோட்டு வேற," என்றாள் நிஷிசாகா.

"கஷ்டம்தான். ஒனோகி-சான், புதன்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. கடிதத்த அதுக்கப்புறம் எழுதுவோம்."

5

இனிச் சீட்டு மாறிய கதை.

அவ்வங்கியின் சீருடைகளைக் கொஜிமாவிலுள்ள ஒரு தொழிற்சாலை தைத்துவந்தது. மூன்றாண்டுக்கொருமுறை புதிய சீருடை. அதற்கு முன்னர் ஒரு பட்டியல் மேசைக்கு மேசை சுற்றிவரும். பெயர், அளவு எண், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரை என்று மூன்று கட்டங்கள். மேலே எழுதியவர் என்ன எழுதினார் என்பது கீழே எழுதுபவருக்குத் தெரியும். ஆகையால் பெண்கள் அனைவரும் ஒரு படி குறைத்தே எழுதினர். பதினொன்று வேண்டியவர் ஒன்பது என்றும், பதிமூன்று வேண்டியவர் பதினொன்று என்றும். ஏழு வேண்டியவர் மட்டும் உண்மையை, கொஞ்சம் பெரிய எழுத்தில், எழுதினார்.

இருபத்திரண்டு வயதில் சேர்ந்த மசுமி, தனக்கு மேலே இரண்டு ஒன்பதுகள் இருப்பதைப் பார்த்து ஒன்பது என்று எழுதி முத்திரை குத்தினாள்.

அவ்வாண்டு ஜூன் மாதம், காலைக் கூட்டத்தில் எல்லாரும் நின்று உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தபோது அவளுடைய கோட்டின் இரண்டாம் பொத்தான் தெறித்து, ஓடி, மேலாளரின் காலணியருகே போய் நின்றது. எவரும் சிரிக்கவில்லை. எவரும் உறுதிமொழியை நிறுத்தவில்லை. நாற்பது கண்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தன. அன்றும் பின்னர் எந்நாளிலும் எவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மரியாதையில் அவள் அன்று முழுவதும் ஒரு கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டே நடந்தாள்.

கூட்டம் கலைந்தபின் பொது நிர்வாகப் பிரிவின் குனிதோமி அந்தப் பொத்தானைப் பொறுக்கிக்கொண்டார். "பழுது பார்க்க அனுப்ப வேண்டும்" என்று கூறிக் கோட்டையும் வாங்கிக்கொண்டார். தொழிற்சாலையிலிருந்து பதிமூன்றாம் எண் ஒன்றை வரவழைத்தார். அதன் தோள்களைச் சிறிதாக்கும்படி ஒரு தையற்காரரிடம்—

இந்த வாக்கியத்தை அடிக்காமல் பாதியில் விட்டிருக்கிறேன். தையற்காரர் எவரும் இலர். இந்தக் கதையின் முதல் படியில் அவருக்கு ஒரு பெயரும், வழுக்கைத் தலையும், பூனையும்கூடக் கொடுத்திருந்தேன். அவரால் எனக்குப் பெரும் நிம்மதி. ஆனால் அந்தத் தோள்களைப் பிடித்தவள் நான்.

ஒரு மாலை என் கணவர் காகிதப் பையோடு வந்தார்.

"இதத் தோள்ல கொஞ்சம் பிடிக்க முடியுமா?"

"யாருது?"

"ஆபீஸ்ல ஒருத்தரோடது."

"ஒருத்தருன்னா பொம்பளைதானே. அளவு?"

"எனக்கெப்படித் தெரியும்? பழசும் உள்ள இருக்கு, பாத்துக்கோ."

"நீங்க எதப் பாத்தீங்க?"

"பொத்தானப் பாத்தேன்."

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் பழைய கோட்டையும் புதிய கோட்டையும் மேசைமேல் விரித்தேன். பழைய கோட்டின் தோள்கள் ஒழுங்காக, அமைதியாக இருந்தன. மார்பின் பக்கத் தையல்களில் நூல் பிரிந்து, துணி வெளிறி, அவள் மூச்சுவிட்ட ஒவ்வொரு முறையும் அங்கே எழுதப்பட்டிருந்தது. அதைப் பார்த்தபின் என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு தோளுக்கு ஒன்றரை சென்டிமீட்டர். கைக்குழியின் கீழ் ஒரு டார்ட், துணியைக் கூராக மடித்துத் தைக்கும் தையல். இடுப்பில் இரண்டு பக்கமும் கொஞ்சம். அளவுச் சீட்டைப் பிரித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு துணித்துண்டில் "ஒனோகி" என்று நூலால் எழுதித் தைத்தேன். அவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

அதன்பின் அவள் ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது என்று எழுதினாள். ஒவ்வொரு முறையும் என் கணவர் அவள் பெயரின் அருகே பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்தார். ஏழு முறை நான் தைத்தேன்; அவர் ஓய்வு பெற்றபின் வங்கி புதிய சீருடை தைக்கவில்லை. முகம் அறியாத ஒரு பெண்ணின் தோள்களை என் கைகள் மனப்பாடம் செய்துவிட்டன.

6

கதையை இதுவரை எழுதிக் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தொலைக்காட்சியில் சுமோவின் இடைவேளைகளில் மட்டும் படித்தார். முட்டுதல் தொடங்கினால் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

"என்ன எதுக்கு இவ்ளோ நல்லவனா எழுதியிருக்க?"

"நீங்க நல்லவர் இல்லையா?"

"பயந்தவன். அந்தப் பொண்ணுகிட்டப் போயி 'நம்பர் தப்பும்மா'ன்னு சொல்ல வாய் வரல. அதான் புள்ளி வச்சேன். அத எழுது."

எழுதிவிட்டேன்.

"எத்தன பேருக்குப் புள்ளி வச்சீங்க?"

"பதினோரு பேரு இருப்பாங்க. மத்தவங்களுக்குத் தைக்க வேண்டியதில்ல, அடுத்த நம்பர் போட்டா சரியாயிடும். பேக்டரிக்காரன் சிரிப்பான். 'உங்க பேங்க்ல பொம்பளைங்க எல்லாம் பட்டியல்ல ஒல்லி, பெட்டில குண்டு'ம்பான்."

"பதினோரு பேரா." நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன். "என்னங்க, அந்தப் பட்டியலச் சுத்த விடாம, ஒவ்வொருத்தரா ஒரு உறைல எழுதி வாங்கியிருக்கலாமே?"

திரையில் வெற்றி பெற்றவர் குந்தி உட்கார்ந்து, பரிசு உறைகளின் மேல் கையை அசைத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் தோணல," என்றார் பிறகு. "எனக்கும் தோணல. எப்பவும் சுத்துற பட்டியல்தானேன்னு..."

சற்று நேரம் கழித்து, தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பதினொண்ணு இல்ல, பன்னெண்டு," என்றார்.

"பன்னெண்டாவது யாரு?"

"அத நான் சொல்ல மாட்டேன்."

(இங்கே ஒரு நீண்ட பத்தியை நீக்கிவிட்டேன். அதில் பரிவைப் பற்றி நிறைய எழுதியிருந்தேன். பரிவு என்று நாங்கள் எண்ணியது அந்தப் பட்டியலை இத்தனை ஆண்டுகள் சுற்றவிட்டது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.)

7

கோட்டின் கைகளைத் திங்கட்கிழமை பிரித்தேன். தோளைச் செவ்வாய்க்கிழமை பிடித்தேன். இன்று புதன், கைகளையும் குறைத்துத் தைத்தாயிற்று.

செவ்வாயன்று ஒன்று நிகழ்ந்தது. சுண்ணக்கட்டியால் தோளில் கோடு இழுத்து, கத்தரித்து, ஊசியேற்றிய பின்னர்தான், இஞ்சு நாடா இன்னும் பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடப்பதைக் கண்டேன். நான் அளக்கவில்லை. கைகள் தாமாகவே ஒன்றரை சென்டிமீட்டர் எடுத்திருந்தன. கைக்குழியின் கீழ் அதே டார்ட்டை வைத்திருந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது: இந்தக் கோட்டுக்குள் அவள் கையை நுழைத்ததும் அவளுடைய தோளுக்குத் தெரிந்துவிடும். இருபத்துமூன்று ஆண்டுகள் ஒவ்வொரு காலையிலும் அணிந்த தையல் அது. கண் மறந்தாலும் முதுகு மறவாது. அவள் கேட்பாள். அல்லது, இது இன்னும் மோசம், எங்களைப் போலவே கேட்காமல் இருந்துவிடுவாள்.

எனவே கதைக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் கண்ணாடிச் சுவரருகே அமர்ந்திருக்கிறாள். எதிரே ஓர் இளம் தம்பதி. மனைவி சொல்கிறாள்: "உங்க கோட்டு ரொம்ப அழகா—" இல்லை. அந்த மேசையில் அவளுடைய கோட்டைப் பற்றி எவரும் பேசக் கூடாது. அதுதான் கோட்டின் வேலையே.

மற்றொன்றில் அவள் ஆவணக் கிடங்குக்குப் போகிறாள். அங்கே மகிழ்ச்சியாகவே இருக்கிறாள். இதை நான் எழுதலாம். நம்ப முடியவில்லை. மாலைதோறும் ஒரு மேசையைத் துடைப்பவள் கிடங்கில் எதைத் துடைப்பாள்?

மூன்றாவதில் அவள் இந்த அறையில், என் எதிரே நின்று சொல்கிறாள்: "என் உடம்பப் பத்தி எனக்கே தெரியாத ஒண்ண, நீங்க ரெண்டு பேரும் இத்தன வருஷம் தெரிஞ்சு வச்சிருந்தீங்களா?" இந்த வாக்கியத்தை அடிக்கப் பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு உரிமையுண்டு. அது அப்படியே இருக்கட்டும்.

8

ஒனோகி-சான்,

இதுவரை உங்களை "அவள்" என்று எழுதியதற்குப் பொறுத்தருள்க. வாசகரே வாசகரே என்று நான் பேசிக்கொண்டிருந்தது உங்களிடம்தான். வேறு எவருக்கும் இதைக் காட்டப்போவதில்லை. என் கணவருக்குத் தவிர, அவரும் இடைவேளைகளில் மட்டுமே படித்தார். நேரில் சொல்லத் துணிவில்லாதவள் கதையாக எழுதினேன். அவர் புள்ளி வைத்தார். நான் கதை எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒரே குணந்தான் போலும்.

முதலில் ஒன்று. நீங்கள் பெருத்துவிடவில்லை. ஒரு வாரத்தில் எதுவும் ஆகிவிடவில்லை. சேர்ந்த நாளிலிருந்தே நீங்கள் மார்பில் பதிமூன்று, தோளில் ஒன்பது. வங்கியின் துணி உங்களிடம் பொய் சொல்லிவந்தது. அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

இந்தப் பையில் கோட்டு இருக்கிறது. தோள் உங்களுடையதாகிவிட்டது என்று நம்புகிறேன். உள்சட்டை இரண்டு வைத்திருக்கிறேன்; நிஷிசாகா என்னும் அந்தப் பெண் ஒதுக்கி வைத்திருந்தவை, வி-கழுத்து, தந்த நிறத்தில் ஒன்று, சாம்பலில் ஒன்று. எனக்குச் சாம்பல் பிடித்திருக்கிறது. நீங்கள் என் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. அளவுச் சீட்டை இம்முறை பிரிக்கவில்லை. கழுத்துக்குக் கீழே பதிமூன்று என்றே இருக்கிறது. உங்கள் பெயரையும் தைக்கவில்லை.

மறுப்புக் கடிதம் ஒன்றை நீங்கள் கேட்டபடி எழுதி உறையில் வைத்திருக்கிறேன். நன்றாகவே வந்திருக்கிறது, அதில் ஒரு குறையும் காண முடியாது. தேதியும் முத்திரையும் மட்டும் உங்களுடையவை. வெள்ளிக்கிழமை அதைக் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, கோட்டு உங்களுடையதே. கிடங்கிலும் குளிரும்.

இன்னொரு உறையில் கோட்டின் பொத்தானும் ஊசியும் கருநீல நூலும் இருக்கின்றன. கடையில் பொத்தான் வைத்திருந்த இடம், தோளைப் பிடித்தபின் பொருந்தவில்லை, ஆகவே பிரித்துவிட்டேன். துளை இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தைத்திருக்க முடியும். அதனால்தான் தைக்கவில்லை.

கோட்டை அணிந்து கண்ணாடி முன் நில்லுங்கள். இரண்டு விளிம்புகளையும் கையால் சேர்த்துப் பிடியுங்கள். அவை தாமாகச் சேரும் இடத்தில் ஒரு குண்டூசி குத்துங்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டா. விட்டுவிட்டு, பிறகு குத்துங்கள்.